வேலை வாங்கத் தெரிந்த திவான் – ஸர் எம். விஸ்வேஸ்வரய்யா

சென்ற தீபாவளிக்கு எங்கள் அகத்துக்கு வந்திருந்த பேத்தி, பண்டிகை நாளிலும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவில் அவளுக்கு உத்தியோகம். அவர்கள் கம்பெனியில் வருஷா வருஷம் எல்லா ஊழியர்களிடமும் நாற்பது கேள்விகள் கேட்பார்களாம். வேலையில் மனம் ஒன்றி இருக்கிறதா, காலையில் எழுந்து ஆபீசுக்குக் கிளம்ப உற்சாகம் இருக்கிறதா, மேலதிகாரி உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்றெல்லாம். இதற்கு எம்ப்ளாயீ என்கேஜ்மெண்ட் என்று பெயராம். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்த தாத்தா தன் ஆபீசில் இதற்கு என்ன செய்தார் என்று அவள் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தர்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் நடக்கக் கிளம்பினேன். நாங்கள் இருப்பது மைசூர் தேவராஜ மொஹல்லாவில். தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலையும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு திவான்ஸ் ரோடு வழியாகத் திரும்புவது வழக்கம். பழைய சமஸ்தானத்தின் திவான்களை நினைவுபடுத்துகிற சாலை அது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த பெயர்ப்பலகைதான். அன்றைக்கு அதைப் பார்த்ததும், பேத்தியின் கேள்விக்கு என்னைவிடத் தகுந்த பதில் சொல்லக்கூடியவர் ஒருவர் இந்த ஊரில் திவானாக இருந்திருக்கிறாரே என்று தோன்றியது.

மைசூர் திவான் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பாலக்காட்டு ஸர் கே. சேஷாத்ரி ஐயர். 1883 முதல் 1901 வரை பதினெட்டு வருஷம் திவானாக இருந்து, சிவனசமுத்திரம் மின்சாரத்துக்கு வழி செய்த மகான். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் ஆட்களிடம் வேலை வாங்குவது என்கிற விஷயத்தை எடுத்துக்கொண்டால் ஸர் எம். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. தெலுங்கு பேசும் குடும்பம். முன்னோர்கள் ஆந்திரத்தின் மோக்ஷகுண்டம் கிராமத்திலிருந்து வந்தவர்கள்; பெயருக்கு முன்னால் நிற்கும் எம். அந்த ஊர்தான். கர்நாடகத்தில் அவரை ஸர் எம்.வி. என்றே சொல்வார்கள். நானும் எம்.வி. என்றே எழுதுகிறேன்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரயிலில் போகும்போது சத்தத்தை வைத்தே தண்டவாள விரிசலைக் கண்டுபிடித்த கதை, சர்க்கார் மெழுகுவர்த்தி சொந்த மெழுகுவர்த்தி என்று இரண்டு வைத்திருந்த கதை எல்லாம் உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவையாவது வந்திருக்கும். நான் பௌதிகம் படித்தவன். அவற்றை இங்கே தொடப் போவதில்லை. பதிவில் இருக்கும் காரியங்களே வேண்டிய அளவு இருக்கின்றன.

சிக்கபள்ளாபூருக்குப் பக்கத்தில் முத்தேனஹள்ளி என்ற கிராமத்தில் ஸ்ரீநிவாச சாஸ்திரி என்ற ஸம்ஸ்கிருத பண்டிதருக்குப் பிள்ளையாகப் பிறந்தார் எம்.வி. செப்டம்பர் 15 பிறந்த தேதி. வருஷத்தை 1860 என்றும் 1861 என்றும் இரண்டு விதமாகப் போடுகிறார்கள். சின்ன வயசிலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். பெங்களூரில் தாய்மாமன் ஆதரவிலும், ஒரு குடகுக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. முடித்தார். அதன் பிறகு மைசூர் சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளத்தில் பூனா ஸயன்ஸ் காலேஜுக்குப் போய் எஞ்சினீயரிங் படித்து, 1883-ல் பம்பாய் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். மறு வருஷம் பம்பாய் பொதுப்பணித் துறையில் அஸிஸ்டெண்ட் எஞ்சினீயர் வேலை கிடைத்தது.

அந்த ஆரம்பகால உத்தியோகத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கான்தேஷ் ஜில்லாவில் பாஞ்சரா என்ற ஆற்றின் குறுக்கே கால்வாய் நீரைக் குழாய் வழியாகக் கடத்தும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மழைக்காலம். ஆற்றில் வெள்ளம் வந்து செய்த வேலையை மூடிக்கொண்டிருந்தது. மழை நின்ற பிறகு தொடரலாமே என்று மேலதிகாரிக்கு எழுதினார். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. புதுப் பையன் ஒழுங்கில்லாமல் எழுதுகிறான் என்று எடுத்துக்கொண்டார். எம்.வி. யோசித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வெள்ளத்திலும் சேற்றிலும் கூலியாட்களோடு தாமும் நின்று முடித்துக் காட்டினார். கடைசியில் அதே மேலதிகாரி பாராட்டி எழுதினார். வேலை நடக்கும் இடத்தில் தலைவன் நிற்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம். அதற்குப் பிறகு அவர் செய்த எந்தப் பெரிய வேலையிலும் அது விட்டுப் போகவில்லை.

பம்பாய் சர்க்காரில் அவர் செய்த காரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிந்து நதிக்கரையில் ஸுக்கூர் நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் போட்டார். தக்ஷிணப் பிரதேசத்துக் கால்வாய்களில் பாசனத் தண்ணீரைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து முறை வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு 1899 வாக்கில் வந்தது. 1903-ல் பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லா ஏரியில், வெள்ளம் வந்தால் தானே திறந்து, வடிந்தால் தானே மூடிக்கொள்ளும் கதவுகளை அமைத்தார். நடுவே 1898-ல் ஜப்பானுக்குப் போய் வந்தார். ஒரு சின்ன தேசம் முப்பது வருஷத்தில் தொழிலில் எப்படி முன்னுக்கு வந்தது என்று நேரில் பார்த்தது அவர் மனசை விட்டு அகலவே இல்லை.

தம்மைவிடப் பலருக்கு முன்னால் பதவி உயர்வு பெற்று சூப்பரின்டெண்டிங் எஞ்சினீயர் வரைக்கும் போனார். அங்கேதான் ஒரு சுவர். பம்பாயில் சீஃப் எஞ்சினீயர் நாற்காலி அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு. எத்தனை திறமை இருந்தாலும் இந்தியர் ஒருவர் அதில் உட்கார முடியாது. 1908-ல், இன்னும் பல வருஷம் சேவை பாக்கி இருக்கும்போதே, எம்.வி. ஓய்வு கேட்டு விலகினார். நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால் வாலண்டரி ரிடையர்மெண்ட். சம்பளக் குறைவோ வேலைப் பளுவோ மேலதிகாரியின் ஏச்சுப் பேச்சோ அவரை விரட்டவில்லை. மேலே கதவு சாத்தியிருந்தது, போய்விட்டார். பம்பாய் சர்க்காருக்கு அப்படி ஒரு எஞ்சினீயர் மறுபடி கிடைக்கவில்லை. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதே 1908 செப்டம்பரில் ஹைதராபாதில் மூசி நதியில் பயங்கர வெள்ளம். நிஜாம் சர்க்கார் அவரைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டது. அவர் போட்ட திட்டத்தின் வழியில்தான் பிற்பாடு உஸ்மான் ஸாகர், ஹிமாயத் ஸாகர் நீர்த்தேக்கங்கள் எழும்பின. அந்த வேலையில் இருக்கும்போதே சொந்த சமஸ்தானத்திலிருந்து அழைப்பு வந்து, 1909 நவம்பரில் மைசூர் சீஃப் எஞ்சினீயர் ஆனார். அப்போது மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்கு வயது இருபத்தைந்து. அவருடைய சிலைதான் இன்று எங்கள் கே.ஆர். சர்க்கிளில் மண்டபத்துக்குள் நிற்கிறது.

இனி கிருஷ்ணராஜஸாகர். மைசூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். மழைக்காலத்தில் இங்கே பத்திரிகைகளில் தினமும் அணையின் நீர்மட்டம் வரும், 124.80 அடி என்றால் நிரம்பிவிட்டது என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். சங்கத்தில் தஞ்சாவூர், கும்பகோணத்து அன்பர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் அந்த எண் தெரிந்திருக்கும். சென்னை மாகாணம் ஆட்சேபித்ததும், மத்தியஸ்தம் நடந்ததும், 1924-ல் ஒப்பந்தம் ஏற்பட்டதும், 1934-ல் மேட்டூர் எழும்பியதும் தனிக் கதை. காவிரி வழக்குக்குள் நான் போகவில்லை. வேலை எப்படி நடந்தது என்பது மட்டும்தான் நமக்கு இப்போது விஷயம்.

1911 கடைசியில் கண்ணம்பாடியில் வேலை ஆரம்பம். முதல் கட்டமாக 80 அடி உயரத்துக்குத்தான் அனுமதி. எம்.வி. அஸ்திவாரத்தை மட்டும் முழு உயர அணைக்கு வேண்டிய அகலத்தில் போடச் சொன்னார். இன்றைக்கு ஆடிட் பாரா போடுவார்கள்! பிற்பாடு முழு உயரத்துக்கும் அனுமதி கிடைத்தபோது, அந்த அகலம்தான் கைகொடுத்தது. சிமெண்ட் அருமையான காலம். சுண்ணாம்பும் செங்கல்பொடியும் கலந்த சுர்க்கிக் கலவையில்தான் அணை கட்டப்பட்டது.

இதில் ஒரு கெடு இருந்தது. கோலார் தங்கவயலுக்கு 1902 முதல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. கோடையில் காவிரி வற்றினால் மின்சாரமும் குறையும். 1915 மத்தியில் கூடுதல் மின்சாரம் கொடுப்பதாகச் சமஸ்தானம் ஒப்புக்கொண்டிருந்தது. அதற்குள் அணை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு எழும்பித் தண்ணீர் தேங்கியாக வேண்டும். நடுவில் வெள்ளம் வந்தது. வேலை நடந்த இடத்தில் மலேரியா ஜ்வரம். முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். எம்.வி. அப்போது திவானாகிவிட்டார்; சீஃப் எஞ்சினீயர் பார்த்துக்கொள்வார் என்று ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. ஆட்களின் எண்ணிக்கை சுமார் பத்தாயிரம் வரை உயர்ந்தது. வாஷிங்டன் விளக்குகள் என்று சொல்லப்பட்ட பெரிய மண்ணெண்ணெய் விளக்குகளை ஏற்றிவைத்து இரவிலும் கட்டினார்கள். திவான் தாமே அடிக்கடி போய் நின்று, எவ்வளவு உயர்ந்திருக்கிறது, எங்கே ஆள் குறைகிறது, எங்கே கல் வந்து சேரவில்லை என்று பார்த்தார். குறித்த காலத்தில் தண்ணீர் தேங்கியது. தங்கவயலுக்கு மின்சாரமும் போயிற்று.

இதை விஞ்ஞான மாணவன் கண்ணோடு பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்று. பத்தாயிரம் பேரைக் கடிகாரத்தைக் காட்டி மட்டும் ராத்திரியெல்லாம் வேலை செய்ய வைக்க முடியாது. இன்று வைத்த கல் நேற்று வைத்ததற்கு மேலே இருக்கிறது என்பதைச் சாதாரணக் கொத்தனாரும் தன் கண்ணால் பார்த்தார். எதற்காக இந்த அவசரம், எந்தத் தேதி, எத்தனை அடி என்பது வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறைவது கல்லா, ஆளா, விளக்கா என்று கேட்டுக் கொண்டுவந்து கொடுக்க மேலே ஒருவர் இருந்தார்.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எண்பதுகளில் வடக்கே ஒரு ஊரில், பரிசோதனைக் கூடம் சேர்ந்த ஒரு சர்க்கார் ஆபீசுக்கு நான் தலைமை ஏற்றேன். முப்பது பேருக்குமேல் சிப்பந்திகள். அப்போதுதான் எம்.வி.யின் சரித்திரத்தைப் படித்திருந்தேன். அதில் எனக்குப் பிடித்துப்போனது அவருடைய நேரம் தவறாமை. நிமிஷம் பிசகாமல் வருவார், சூட்டும் தலைப்பாகையும் ஒரு மடிப்புக் கலையாமல் இருக்கும் என்பதையெல்லாம் படித்துவிட்டு, பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரை என் அறைக்கு எடுத்துவரச் சொல்லி, வராதவர்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மசியால் குறி போட்டேன். மூன்று மாதத்தில் எல்லோரும் பத்து மணிக்கு வந்தார்கள். பரிசோதனைக்கு வந்து தேங்கிக் கிடந்த மாதிரிகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆள் வந்தது, வேலை வரவில்லை. எம்.வி.யிடமிருந்து நான் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடவே இருந்த விளக்கையும் கல்லையும் விட்டுவிட்டேன் என்று புரிய எனக்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின.

எம்.வி. திவான் ஆனது 1912 நவம்பரில். பதவி ஏற்குமுன் உறவினர்களை அழைத்து, தம்மிடம் யாரும் சிபாரிசுக்கு வரக்கூடாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டே ஒப்புக்கொண்டார் என்று அவர் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். சர்க்கார் ஆபீசில் வேலை செய்த யாருக்கும் இதன் மதிப்புத் தெரியும். பக்கத்து மேஜைக்காரர் எப்படி அங்கே வந்தார் என்ற சந்தேகம் இருக்கிற இடத்தில் யாருக்கும் வேலை ஓடாது. செயலகத்தில் எஃபிஷியன்ஸி ஆடிட் என்று ஓர் ஏற்பாடு செய்தார். பணத்துக்குத் தணிக்கை உண்டு, வேலை நடக்கும் விதத்துக்கு ஏன் இல்லை என்பது அதன் அடிப்படை. இதற்கு முன்பே, 1911-ல், அவர் யோசனையில் தொடங்கிய மைசூர் பொருளாதார மாநாட்டில் கல்வி, விவசாயம், தொழில் என்று மூன்று குழுக்கள். உத்தியோகஸ்தர்களோடு வெளி மனிதர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

ஆறு வருஷத்தில் நடந்ததை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1913-ல் மைசூர் பாங்க் (நம்மில் பலர் பென்ஷன் வாங்கிய ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர், 2017-ல் ஸ்டேட் பாங்கோடு இணைந்து பெயர் இழந்தது). 1915-ல் கன்னட ஸாஹித்ய பரிஷத். 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம். 1917-ல் பெங்களூரில் எஞ்சினீயரிங் காலேஜ். உலக யுத்தத்தால் சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்றபோது, கட்டையாக விற்பானேன் என்று இங்கேயே எண்ணெய் வடிக்க ஆலை. அதை ஒட்டி சோப்பு. காலையில் ஸ்நானத்துக்கு மைசூர் சாண்டல் சோப்பு எடுக்கும்போது நான் அவரை நினைத்துக்கொள்வதுண்டு.

இனிச் சொல்வது நமது பத்திரிகையில் எழுதக் கொஞ்சம் தயக்கமான விஷயம். ஆனாலும் விட்டுவிட்டால் இந்தச் சரித்திரம் பாதிதான். சமஸ்தான உத்தியோகங்களில் அப்போது பெரும்பாலும் பிராமணர்கள். மற்ற சமூகத்தார் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று மகாராஜாவிடம் முறையிட்டார்கள். 1918-ல் மகாராஜா, தலைமை நீதிபதி ஸர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும், கல்வியைப் பரப்பினால் மற்றது தானே வரும் என்பது எம்.வி.யின் கொள்கை. மகாராஜா அவ்வளவு காலம் காத்திருக்கத் தயாராக இல்லை. 1918 டிசம்பரோடு எம்.வி. திவான் பதவியிலிருந்து விலகினார். மில்லர் குழு மறு வருஷம் அறிக்கை கொடுத்தது.

பல வருஷம் இந்த விஷயத்தில் நான் எம்.வி. பக்கமே நின்று பேசியிருக்கிறேன். நமது கூட்டங்களிலும் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேச முடியவில்லை. பம்பாயில் மேலே கதவு சாத்தியிருந்ததால் விலகியவர் அவர். திறமை இருந்தும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்பது ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அப்படிப்பட்டவருக்கு, மைசூரில் வேறு பலருக்குக் கீழ்ப்படியிலேயே கதவு சாத்தியிருந்தது அந்த அளவுக்கு உறுத்தவில்லை. தகுதியைத் தளர்த்தக்கூடாது என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அந்தத் தகுதியைச் சம்பாதித்துக்கொள்ளும் இடத்துக்கே வர முடியாதவர்களும் இருந்தார்களே என்று இளைய மகாராஜா பார்த்ததில் அதைவிட நியாயம் உண்டு என்பது என் இப்போதைய அபிப்பிராயம். அன்பர்களில் சிலருக்கு இது ஒப்பாது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள், வரவேற்கிறேன்.

என் மனம் மாறியதற்குக் காரணம் புஸ்தகம் அல்ல. முன்னே சொன்ன அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் அட்டெண்டர் இருந்தார். படிப்பு மெட்ரிக் வரைதான். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதும் மேஜை துடைப்பதும் அவர் வேலை. ஆனால் மில்லிகிராம் நிறுக்கும் தராசு மக்கர் செய்தால், கம்பெனி ஆள் வருமுன் அவரே பிரித்துச் சரிசெய்துவிடுவார். எம்.எஸ்ஸி. படித்தவர்கள் அவரைத்தான் தேடிக்கொண்டு போவார்கள். லாப் அஸிஸ்டெண்ட் பரீட்சைக்கு உட்கார அனுமதி வேண்டும் என்று ஒரு நாள் என்னிடம் மனுக் கொடுத்தார். அட்டெண்டர் பிரிவிலிருந்து அந்தப் பதவிக்குப் போக விதியில் வழி இல்லை. நான் தலைமை அலுவலகத்துக்குச் சிபாரிசு செய்து ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதை ஃபைலில் வைத்து, அவருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தராசு நின்றால் கம்பெனிக்குத்தான் எழுத வேண்டியிருந்தது. அவர் குடுவை கழுவினார், மேஜை துடைத்தார், பத்து மணிக்குச் சரியாக வந்தார், ஐந்தரைக்குப் போனார். எட்டு மாதம் கழித்து ராஜிநாமா. ஏதோ ஒரு தனியார் கம்பெனியில் கருவிகள் பழுது பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. அவர் போன பிறகு அலமாரி இழுப்பறையைத் திறந்தால், சின்னச் சின்னத் திருப்புளிகள், இடுக்கிகள், எல்லாம் அவர் சொந்தக் காசில் வாங்கியவை, எது எந்தத் தராசுக்கு என்று காகிதம் ஒட்டி வரிசையாக வைத்திருந்தார். நான் எழுதியது ஒரு கடிதம். பத்துக் கடிதம் எழுதியிருக்கலாம். நேரில் போய்க் கேட்டிருக்கலாம். பேத்தியின் நாற்பது கேள்விகளை அன்றைக்கு எங்கள் ஆபீசில் கேட்டிருந்தால், அந்த எட்டு மாதத்திலும் அவர் எல்லாவற்றுக்கும் திருப்தி என்றே எழுதிக் கொடுத்திருப்பார்.

எம்.வி.யிடம் திரும்புவோம். திவான் பதவி போனதோடு அவர் ஓயவில்லை. அவர் காலத்தில் ஆரம்பித்த பத்ராவதி இரும்பாலை 1923-ல் உற்பத்தியைத் தொடங்கியது. காட்டு விறகைக் கரியாக்கி அந்தக் கரியால் இரும்பு உருக்கும் ஆலை. ஆரம்பித்த வேளை சரியில்லை. யுத்தம் முடிந்து உலகெங்கும் இரும்பு விலை சரிந்து கிடந்தது. நஷ்டம். மகாராஜா மறுபடி அவரைத்தான் கூப்பிட்டார். பதவியை விட்டுப் போனவர், மனஸ்தாபம் எதுவும் பாராட்டாமல் 1923 முதல் 1929 வரை அந்த ஆலையின் தலைவராக இருந்தார். அமெரிக்க நிபுணர்கள் வகித்த இடங்களுக்கு ஒவ்வொன்றாக இந்தியர்களைப் பழக்கி உட்கார வைத்தார். பெரிய உலையைப் பார்த்துக்கொள்ள நம்மவர்களால் முடியுமா என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு இருந்தது. பொறுப்பைக் கையில் கொடுக்காமல் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்று அவர் கொடுத்துப் பார்த்தார். ஆலை நிமிர்ந்தது. பம்பாயில் தமக்குச் சாத்தப்பட்ட கதவை பத்ராவதியில் அவர் மற்றவர்களுக்குத் திறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆசை. 1918-ஐ எழுதிய பிறகு அந்த வாக்கியத்தை முழு மனசோடு எழுத வரவில்லை; பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆலையில் பார்த்த வேலைக்காகத் தமக்குச் சேர வேண்டிய தொகையை அவர் கையால் தொடவில்லை. பிற்பாடு அந்தப் பணத்தைக் கொண்டு தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று வைக்கச் சொன்னார். தம் பெயரை வைக்கச் சம்மதிக்கவில்லை. 1943-ல் பெங்களூரில் ஸ்ரீ ஜயசாமராஜேந்திர தொழிற்கல்விக் கூடம் மகாராஜாவின் பெயரில் திறந்தது. பெரிய பட்டங்களுக்குப் போக முடியாத பையன்கள் கைத்தொழிலையும் எந்திர வேலையையும் முறையாகக் கற்றுக்கொள்ள ஏற்பட்ட இடம். எங்கள் அட்டெண்டர் பெங்களூரில் பிறந்திருந்தால் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

மிச்ச வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1927 முதல் 1955 வரை டாடா இரும்பு எஃகு கம்பெனியின் டைரக்டர். 1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று புஸ்தகம் எழுதினார். தம் உத்தியோக வாழ்க்கையைப் பற்றி 1951-ல் ஒரு நூல் வெளியிட்டார். சொந்த வாழ்க்கையைப் பற்றி அதில் தேடினாலும் அதிகம் கிடைக்காது, வேலைதான். 1955-ல் பாரத ரத்னா. 1960-ல் நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளியிட்டார்கள், தலையில் இருப்பவர் உயிரோடு இருக்கும்போதே. 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். அவர் பிறந்த செப்டம்பர் 15-ஐ தேசம் முழுவதும் எஞ்சினீயர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பேத்திக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு அட்டெண்டரைப் பற்றி மட்டும் திரும்ப ஒரு தடவை கேட்டாள். அவர்கள் கம்பெனியில் ஆபீஸ் பெருக்குகிறவர்களும் வாசல் காவலர்களும் காண்ட்ராக்ட் ஆட்களாம். அந்த நாற்பது கேள்விகள் அவர்களுக்குப் போவதில்லையாம்.

பெங்களூர் வரும் அன்பர்கள் முத்தேனஹள்ளிக்கு ஒரு நடை போய் வரலாம். நந்தி மலைக்குப் பக்கம். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். சமாதியும் அந்த ஊரிலேயே இருக்கிறது. மைசூர் வருகிறவர்கள் அணையைப் பார்த்துவிட்டு தேவராஜ மொஹல்லா பக்கம் வந்தால் எங்கள் அகத்தில் காபி தயாராக இருக்கும்.